தைலம்மாளின் ஏழு பிரிக்ஸ்

தைலம்மாள் 2012 மே மாதம் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. இது அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய கதை.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் இருபது வருட வேலை. கரும்புச் சாற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு சர்க்கரை என்று எழுதுவார். அந்த அளவுக்கு ஆலையில் பிரிக்ஸ் என்று பெயர். நல்ல சாறு பதினெட்டு காட்டும். நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். கருவிக்கும் அவருக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் துறைமுகம் வரை, தார்ச்சாலையை விட்டு, ஆற்றங்கரையும் கடற்கரை மணலுமாக ஓட்டம். எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அறிவிப்பைப் பார்த்த அன்றே பெயர் கொடுத்துவிட்டார். அதுவரை பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை.

ஏழு மாதம் பயிற்சி. பெண்ணையாற்றுக் கரை, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே டிராக்டர் தடம், பிறகு மணல். கால் பழகிவிட்டது, வயிறு பழகவில்லை. சர்க்கரை ஆலைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? கரும்புச் சாற்றை அப்படியே குடித்துக்கொண்டு ஓடினார். அடுத்தடுத்து மூன்று ஞாயிறும் மேல்பட்டாம்பாக்கம் தாண்டியதும் வாந்தி.

"என்னாக்கா, இந்த வாரமும் நம்ம கொல்லைக்கு உரம் போட்டாச்சா?" என்றான் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் பக்கிரி.

அதன்பின் வெல்லத்தைக் கரைத்து அளந்து பார்த்தார். பன்னிரண்டு பிரிக்ஸ், குமட்டல். ஒன்பது, ஏப்பம். ஏழு, கொஞ்சம் உப்போடு: முப்பத்தைந்து கிலோமீட்டர், வயிற்றில் சத்தமே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தும் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்குச் சிதம்பரம் கீழவீதியிலிருந்து நாற்பது பேர் கிளம்பினார்கள். பெண்கள் மூவர். முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில், சாமியார்பேட்டையில், அவர் ஏழு பிரிக்ஸில் கலந்து கொடுத்திருந்த மூன்று பாட்டில்களோடு பக்கிரி காத்திருந்தான். அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்து நாற்பது.

ஒரு மிடறு குடித்தார். பதினெட்டு.

"பக்கிரி, என்னா ஊத்துன?"

"நீங்க குடுத்தது வெறும் தண்ணியாட்டம் இருந்துச்சுக்கா. மனசு கேக்கல. கொட்டிட்டு சாறு புடிச்சாந்தேன். ஐஸ்கூட போடல."

"மூணுலயுமா?"

"மூணுலயுந்தான்."

திட்ட நேரமில்லை. ஏழுக்கு இறக்க, ஒரு பங்கு சாறு, ஒன்றரைப் பங்கு தண்ணீர். மனக்கணக்கு போட்டபடியே ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிக்கு மேல் அவன் கையில் ஊற்றிக் குடிக்கச் சொன்னார். அடிபம்பில் தண்ணீர் பிடித்தார். பக்கத்தில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, யாரு தொரத்துறாங்க?"

"யாரும் தொரத்தல. கொஞ்சம் உப்பு இருந்தா குடும்மா."

"இதுக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த?" என்று ஒரு பிடி கல் உப்பை அள்ளிக் கொடுத்தாள்.

கலக்கி நாக்கில் வைத்தார். ஏழு போலத்தான் இருந்தது. ஆனால் நாக்கு வியர்வையில் ஊறிக் கிடந்தது. இன்று ஒரு நாள் அது பொய் சொல்லலாம். அளக்கும் குழல் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தது. குடித்துவிட்டு ஓடினார்.

முப்பத்தைந்து. வயிற்றின் மீதே கவனம். முப்பத்தெட்டு. ஒரு ஏப்பம் வந்தது. அதோடு சரி. நாற்பதைத் தாண்டியதும், நாக்கு பொய் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. ஈர மணலில் கால் தானாக எட்டிப் போட்டது. முன்னால் போன இரண்டு பேரை முந்தினார். அவர்களில் ஒருவன் வயது அவருடையதில் பாதி.

"ஆன்ட்டி, மெதுவா," என்றான்.

"நீ மெதுவா வாப்பா. எனக்கு நேரமாவுது."

துறைமுகத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டபோது, கிளம்பி ஏழு மணி ஐம்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. பக்கிரி மோட்டார் பைக்கில் முன்னதாகவே வந்து, பயந்த முகத்தோடு நின்றான்.

"அக்கா, வயிறு?"

"பசிக்குது பக்கிரி. சோறு எங்க போடுறாங்க?"

பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். தைலம்மாள் அதற்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.