யார் செய்தது என்று அம்மனிடம் கேட்டேன்

போன வருஷம் தை மாதம் என் விரல்கள் மடங்காமல் போயின. நான் உப்பு ஏரிக்கு நடுவே பசியாவரம் தீவுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒருநாள் காலை எழுந்தால் வலது நடுவிரல் நுனி முதல் அடி வரை வீங்கிப் பனங்கிழங்கு மாதிரி நின்றது. அப்புறம் இடது கையில் இரண்டு விரல். குதிகாலை ஊன்ற முடியவில்லை. விடிந்து இரண்டு மணி நேரம் கட்டையாகக் கிடப்பேன். நடமாட நடமாடக் கொஞ்சம் இளகும். அதனால் மதியம் பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே கீற?" என்பார்கள். செத்துவிடலாம் போலிருக்கும்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடக்குவாதம் இல்லை என்று வந்தது. பிறகு எதனால் இந்த வீக்கம்? குறி கேட்டேன். "கூடவே கீற பொம்பள செஞ்சி வச்சிக்கீறா" என்றாள் குறிகாரி.

என் மனம் நேராக மல்லிகாவிடம் போய் நின்றது. மல்லிகா என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம். பக்கத்து வீடு. அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள்? பேசாமல் போனால், எதை மறைக்கிறாள்? நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். தொடாமல் திருப்பி விட்டேன். தலை வாரினால் உதிர்ந்த முடியைப் பொறுக்கி எரித்தேன். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். நான் அழுது அடம்பிடித்து என் வீட்டுக்காரரை வேறு படகுக்கு அனுப்பினேன். அந்தப் பாவம் என்னுடையது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். சன்னதியில் நின்று, "தாயே, சொகம் அப்புறம் குடு. யாரு செஞ்சதுனு மட்டும் காட்டு" என்று கேட்டேன். சுகத்தைவிட ஆள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கூழ்ப்பானையைத் தூக்கும்போது விரல் மடங்காமல் பிடி நழுவியது. பின்னாலிருந்து யாரோ தாங்கினார்கள். மல்லிகா! என் விரலைப் பிடித்து உற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நகமெல்லாம் ஊசி குத்தின மாதிரி குழிகுழியா கீது?"

நகத்தையும் முடியையும் வைத்துத்தானே செய்வினை செய்வார்கள்? "என் நகம் ஒனக்கு இன்னாத்துக்குடி?" என்று ஊர் பார்க்கக் கத்தினேன்.

அவள் நகரவில்லை. "கத்துக்கா. ஆனா கேட்டுக்க. எங்க அண்ணனுக்கும் நகம் இப்டி ஆயிதான் வெரல் வீங்கிச்சி. தலையில செதில் செதிலா உதிரும். மெட்ராஸ் ஆஸ்பத்திரில பாத்தப்புறம்தான் மறுபடி வலைய புடிக்கிறான்."

காதுக்குப் பின்னால் எனக்கும் வருஷக்கணக்காகச் செதில் உதிர்ந்தது. பொடுகு என்று விட்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இவள் எப்படிச் சரியாகச் சொல்கிறாள்? இவள் காட்டுகிற இடத்துக்குப் போவதா? மூன்று நாள் அதே யோசனை. கடைசியில் வலிதான் என்னைக் கிளப்பியது. வீட்டுக்காரரோடு படகு, பஸ், ரயில் என்று மாறி அந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார். காதுமடலை மடக்கிப் பார்த்தார்.

"இது சொரியாசிஸ்ங்கிற செதில் உதிர்ற தோல் நோயோட சேர்ந்து வர்ற மூட்டு அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தப்பா மூட்டைத் தாக்குது. இதுல பல வகை இருக்கும்மா. முடக்குவாதம்னா பெரும்பாலும் ரெண்டு கையிலயும் ஒண்ணுபோல வரும். முதுகெலும்பைப் பிடிக்கிறது இன்னொண்ணு, இளவயசுலயே ஆரம்பிக்கும். உங்களுக்கு வந்த வகை அந்த ரத்தப் பரிசோதனைல அநேகமா தெரியாது."

"அப்போ யாரும் செஞ்சது இல்லியா டாக்டர்?"

"யாரும் இல்லம்மா. உங்க உடம்பேதான்."

அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நான் கேட்டதை அம்மன் காட்டிவிட்டாள்.

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. அவர்கள் சொல்கிறபோது ரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதம் விரல் மடங்கியது. முழுசாகப் போகவில்லை, சில நாள் இறுகும். ஆனாலும் ஏரியில் இறங்குகிறேன். மல்லிகா வீட்டு வாசலில் போய் நின்று, "மன்னிச்சிடுடி" என்றேன். "உள்ள வாக்கா, வெயிலு சுடுது" என்றாள். அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே படகில் போகிறார்கள்.

தாயை நம்புகிற அக்கா தங்கைகளே, காலையில் மூட்டு இறுகி, விரல் வீங்கிக் கிடந்தால் அவளைக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு டாக்டரிடம் போங்கள். யார் மேலும் பழி போடாதீர்கள். அவள் யார் வாயால் பேசுவாள் என்று நமக்குத் தெரியாது. நான் ஊர் பார்க்கத் திட்டியவள் வாயால்தான் என்னிடம் பேசினாள்.