தைக்குள் எரிய வேண்டிய அடுப்பு

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் அடையாறில் விறகு கிடைப்பது பெரும்பாடு. விறகுத் தொட்டியில் காத்து நின்றாலும் ஈரக்கட்டைதான் தருவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு பசு வைத்திருந்தேன். வறட்டி தட்டி எரித்தேன். என் வறட்டி உடையாது, என் பாலில் தண்ணீர் இருக்காது. இதை நானே சொல்லக் கூடாது, ஆனால் உண்மை.

எனக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் காலேஜில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் அவர், கொட்டகையோடு பின்பக்கம் நான். சாணக் குவியலும் ஈயும் புகையும் அவருக்கு ஆகவில்லை. மாட்டை விற்றுவிடச் சொன்னார். விற்றால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார்.

"குழி கட்டி, சாணியைக் கரைச்சு ஊத்தி, மேல டிரம்மைக் கவுத்து வைப்போம். உள்ளே புளிச்சு வாயு வரும். அதுல அடுப்பு எரியும், புகையே இருக்காது. தை பொறக்கறதுக்குள்ள எரிஞ்சா மாடு இருக்கட்டும்மா. இல்லேன்னா தரகரைக் கூப்பிடறேன்."

ஐப்பசியில் செங்கல் வைத்துக் குழி கட்டினோம். தார் வந்த பழைய டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்து, குழாய் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சாணிக் காத்துல காய்ச்சின பாலை எவன் குடிப்பான்?"

"நீ வறட்டியில காய்ச்சிக் குடிக்கிறியே, அது இன்னா சந்தனக்கட்டையா?" என்றேன்.

வாயு சேர்ந்தால் டிரம் மேலே எழும்ப வேண்டும். ஒரு மாதம் ஆகியும் எழும்பவில்லை. நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாதென்று கொட்டகையைத் தினமும் ஃபினாயில் போட்டுக் கழுவினேன். அந்தத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதிலேயே சாணியைக் கரைத்து ஊற்றினேன்.

கார்த்திகையில் ஒருநாள் அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது, குழியில ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

"சுத்தமா வச்சிக்கினு கீறேன் ஐயா."

"சாணியைப் புளிக்க வைக்கறதே கிருமிதாம்மா. அதுக்குப் போய் தினம் மருந்து ஊத்திக் கொன்னுட்டிருக்கே."

மறுநாள் விடிந்ததும் குழியை நானே வாரி இறைத்தேன், ஆள் வைக்கவில்லை. நல்ல தண்ணீரில் புதுச் சாணி கரைத்து ஊற்றினேன்.

மார்கழிக் கடைசியில் டிரம் ஒரு சாண் எழும்பியது. அவர் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தார். நீலமாகப் பிடித்தது. கண் எரியவில்லை, பாத்திரத்தில் கரி ஒட்டவில்லை. பால் பொங்கியதும் முதல் டம்ளர் அவருக்கே கொடுத்தேன். வாசனை ஏதும் இல்லை என்றார். என் பாலில் எப்படி இருக்கும்?

குழியிலிருந்து வழிந்த கரைசலைக் கீரைப் பாத்திக்கு விட்டேன். ஈ மொய்க்கவில்லை; கீரை கருகருவென்று வந்தது. கேலி பேசியவள் தன் முருங்கைக்கு ஒரு வாளி கேட்டு வந்தாள். கொடுத்தேன். இப்போது கிராமங்களில் சாண வாயு அடுப்பு கட்டுகிறார்களாம். மரம் வெட்ட வேண்டாம், எருவும் வீணாகாது என்று சர்க்கார் ஆட்கள் வந்து சொல்கிறார்கள். எனக்கு அது அப்போதே தெரியும்.

தரகர் வரவில்லை. மாடுகள் இருந்தன. என் ஃபினாயில் பாட்டிலை மட்டும் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் தரவே இல்லை. நானும் கேட்கவில்லை.