இரண்டு பேர் வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கட்டிய கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவர் இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறார். காலையில் வருகிறார், வண்டிகளுக்கு அடியில் இறங்குகிறார், சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். இதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லி முடித்ததும், "இத வச்சு என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. வயதில் மூத்த மேனேஜருக்கும் அக்காதான். சாலையில் ஓடும் தகுதி வண்டிக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் இடம் அது. நீளமான ஒரு கொட்டகை. தரையில், ஆள் நின்று வேலை பார்க்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டிக்காரர்கள் காத்திருக்கும் அறை. அங்கே காபி என்ற பெயரில் எதையோ ஊற்றிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று. அந்த வாரம் கூட வேலை பார்ப்பவர் முதுகுவலி என்று விடுப்பில் போயிருந்தார். அவர் முதுகு இறக்கி வைத்ததெல்லாம் அக்கா முதுகில் ஏறியிருந்தது. வீட்டில் கணவருக்கு இரவுப் பணி. ஒருவர் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை இன்னொருவர் திறந்து சாப்பிடுவதுதான் அந்த வாரத்துக் குடும்ப வாழ்க்கை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. இனிமேல் வண்டி வராது என்று அக்கா கையுறையைக் கழற்றிய நேரத்தில் அது வந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். அக்கா பிறந்த காலத்தில் செய்ததாக இருக்கும். நீண்ட மூக்கு, தரையோடு ஒட்டிய உடம்பு, இரண்டே இரண்டு இருக்கை. கருஞ்சிவப்பில் புதுப் பெயிண்ட். ஓட்டி வந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. பக்கத்திலிருந்து அவருடைய மகள் இறங்கினாள். அவள் கண் வண்டியை விட்டு அகலவே இல்லை.

"எங்கண்ணனோட வண்டி. போன வருஷம் தவறிட்டார். இவளைப் பெத்த மகமாதிரி வளத்தவர்" என்றார் வண்டிக்காரர். "பொண்ணுக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. பெரியப்பா வண்டியிலதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

"எப்பப் போறாங்க?"

"நாளைக்குக் காலையில. மலைப் பாதை. இன்னைக்கே முடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

அக்கா கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இந்த ரகத்து வண்டி எங்கெங்கே ஏமாற்றும் என்பது அவருக்கு மனப்பாடம். கதவுக்குக் கீழே இருக்கும் தகடு உள்ளே துருப்பிடித்து, வெளியே பெயிண்டின் தயவில் நிற்கும். ஒரு ஹெட்லைட் சாலையைப் பார்த்தால் இன்னொன்று மரத்தைப் பார்க்கும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். முன்சக்கர மூட்டுகள் வயசானவர் பல்லைப்போல ஆடும். முதல் தடவையிலேயே தேறுவது அபூர்வம். சொன்னதும் வண்டிக்காரர் முகம் தொங்கிப்போகும். அந்த முகத்தைப் பார்ப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

ஆனால் இந்த வண்டி தேறிக்கொண்டே வந்தது. விளக்குகள் சரி. தகட்டைத் தட்டிப் பார்த்தார், கெட்டியான சத்தம். தரையில் பதித்த சோதனை உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றிப் பிரேக்கைச் சோதித்தார், நான்கு சக்கரமும் ஒன்றுபோல் பிடித்தன. அடிப்பக்கம் மட்டும்தான் பாக்கி. ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று அக்காவின் உடம்பு கெஞ்சியது.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"எனக்குத் துணைக்கு இன்னைக்கு ஆள் இல்ல சார். நீங்க உள்ள உக்காருங்க. கீழயிருந்து நான் சொல்றப்ப ஸ்டியரிங்க ஆட்டுங்க, பிரேக்கை மிதிங்க. விடச் சொன்னா விடுங்க."

"சரிங்க."

அக்கா கைவிளக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். தலைக்கு மேல் கதவு திறக்கும் சத்தம். பிறகு சாத்தும் சத்தம். ஸ்பிரிங் முனகியது. ஓட்டுபவர் பக்கம் வண்டி கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. யாரோ வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டியரிங்க ஆட்டுங்க சார்."

சக்கரங்கள் இப்படியும் அப்படியும் அசைந்தன. கொஞ்சமாக, அளவாக. அக்காவுக்கு ஆச்சரியம். வண்டிக்காரர்கள் பொதுவாகக் கப்பல் திருப்புவதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புவார்கள். மூட்டில் ஆட்டம் தெரிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஆட்டத் தெரிந்தவர்கள் குறைவு.

"பிரேக்."

மிதிபட்டது.

"விடுங்க."

விட்டது. பழகிய கால், என்று நினைத்துக்கொண்டே அக்கா பின்பக்கம் நகர்ந்தார். நகரும்போது புகைக்குழாய் முழங்கையில் பட்டுவிட்டது. சுட்டுவிட்டதென்று வெடுக்கெனக் கையை இழுத்தார்.

சுடவில்லை. ஜில்லென்று இருந்தது.

இப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டி. அதன் புகைக்குழாயில் கை வைத்தால் தோல் உரிய வேண்டும். அக்கா இன்னொரு தடவை, விரல் நுனியால், தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. களைப்பில் எதுவும் புரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பிரேக்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல்வதற்கு முன்னால் மிதிபட்டது.

விட்டது.

மறுபடி மிதிபட்டது.

"இருங்க சார். நான் சொல்றேன்."

மிதி... விடு... மிதி... விடு. ஒரே சீரான வேகம். அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அழுத்தமாக.

"போதும் சார்."

பின் அச்சுக்கு மேலே, பெட்ரோல் டாங்குக்குப் பின்னால், கையும் கண்ணும் எட்டாத ஒரு மூலையில், "கிர்..." என்றது. அக்கா விளக்கை அங்கே திருப்பினார். பிரேக் குழாய். மேலே புதுக் கறுப்புப் பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் குழாய் பொருக்குப் பொருக்காக வீங்கியிருந்தது.

மிதி...

"விடுங்க."

விடவில்லை.

இன்னும் அழுத்தம்... இன்னும்...

பட்டென்று குழாய் வெடித்தது. பிரேக் எண்ணெய் அக்காவின் நெற்றியிலும் மூக்குக்கண்ணாடியிலும் பீய்ச்சி அடித்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கையில் துடைத்தபடி, "சார், காலை எடுங்க" என்றார்.

எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சார்?"

பள்ளத்தின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தார். எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வண்டிக்காரர் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள், கையில் காகிதக் கோப்பையோடு.

இருவரும் அங்கே.

அப்படியானால்...

அக்கா படி ஏறினார். முட்டி வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதே பிறகுதான் நினைவுக்கு வந்ததாம்.

ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தார்.

இருக்கை காலி.

பிரேக் மிதி தரையோடு தரையாக அழுந்தி இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல... மெல்ல... மேலே வந்தது. யாரோ காலைத் தூக்குகிற மாதிரி.

கதவு திறக்கவில்லை.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தே நின்றது.

"மன்னிச்சுக்குங்க அக்கா" என்று பின்னால் வண்டிக்காரரின் குரல். "கதவத் தொறந்தேன், போன் வந்துடுச்சு. சாத்திட்டு அப்படியே வெளிய போயிட்டேன். இப்ப உக்காரட்டுமா?"

"வேணாம்" என்றார் அக்கா.

குழாயைக் காட்டினார். ஏதோ ஒரு பட்டறைக்காரன் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தான். வண்டிக்காரர் வெகுநேரம் அதையே பார்த்தார். மலை இறக்கம், காலைப் பனி, தனியாக ஒரு பெண். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இரவு இழுவை வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், விளக்கை அணைக்காமல் படுத்த அக்காவுக்கு விடியும் நேரத்தில் மனது ஒருவாறு நிலைக்கு வந்தது. பெரியப்பாதான். வேறு யார்? பெற்ற மகள்போல வளர்த்த பெண், ஆபத்தில் விடுவாரா? அப்படி நினைத்ததும் பயம் போய் அழுகை வந்ததாம். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

சில வாரம் கழித்து அந்தக் கார் மறுசோதனைக்கு வந்தது. வெளியூர் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகளே இந்தத் தடவை ஓட்டி வந்தாள். அப்பா தன் சொந்தக் காரில் பின்னாலேயே வந்தார். அதிலிருந்து ஒரு வயதான அம்மாவும் இறங்கினார். பெரியப்பாவின் மனைவி. முதுகுவலிக்காரர் திரும்பியிருந்ததால் அவரைப் பள்ளத்துக்குள் அனுப்பிவிட்டு அக்கா மேலேயே நின்றுகொண்டார். குழாய்கள் எல்லாம் புதுசு. குறை சொல்ல ஒன்றுமில்லை. சான்றில் கையெழுத்துப் போட்டார்.

பெண் அலுவலக அறையில் இருந்தபோது, வெளி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் அக்கா போனார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டார். மிதிபட்டது, விட்டது, காலி இருக்கை, எல்லாம்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா அந்தப் பொண்ணக் காப்பாத்தியிருக்கார்."

அந்தம்மா அழுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அழவில்லை. களைத்துப்போன முகத்தோடு காரைப் பார்த்தார்.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா."

"என்னது?"

"நான் வாழ வந்த நாள்லேருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாத்ததில்ல. வருஷாவருஷம் சோதனைக்குக்கூட யாராவது ஆளை விட்டுத்தான் அனுப்புவார். துடைப்பார், எண்ணெய் விடுவார். பொழுது சாஞ்சா ஷெட்டுல போய் பக்கத்து சீட்ல உக்காந்துக்குவார். பேசிக்கிட்டே இருப்பார்."

"யார்கிட்ட?"

"ஒரு நாள் நானும் கேட்டேன். தனியா என்ன பேச்சு, தள்ளி உக்காருங்க, நானும் ஏறிக்கறேன்னேன். சிரிச்சார். 'உனக்கு ஏது இடம்? இது ரெண்டு பேர் வண்டிதானே'ன்னார்."

அக்கா அலுவலக அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணுகிட்ட இதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அவளும் சிரிக்கறா."

அந்தப் பெண் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். அக்காவுக்கு நன்றி சொன்னாள். ஏறி உட்கார்ந்தாள். எதைச் சொல்லித் தடுப்பது? எல்லாச் சோதனையிலும் தேறிய வண்டி. பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. கார் வாசலைத் தாண்டிச் சாலையில் கலந்துவிட்டது. பெரியம்மா அதில் ஏறவில்லை, வந்ததுபோலவே அப்பாவின் காரில் போனார்.

அதோடு முடிந்திருந்தால் அக்கா இதை மறந்துகூட இருக்கலாம். மறு வருஷம் அந்தப் பெண்ணின் அப்பா தன் சொந்தக் காரைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தது, மற்றபடி வண்டிக்கு ஒன்றுமில்லை.

"பொண்ணு எப்படி இருக்கா சார்? அந்த வண்டி?"

"இருக்கா." தேய்ந்த வைப்பர் ரப்பரை விரலால் தடவினார். "இப்ப ஆபீசுக்கு பஸ்லதான் போறா. சாயங்காலம் வந்ததும் ஷெட்டுக்குப் போயிடறாளாம். கூடத் தங்கியிருக்கற பொண்ணு போன் பண்ணிச் சொன்னா. நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன். பக்கத்து சீட்ல உக்காந்திருக்கா அக்கா."

"ஏன் ஓட்டறதில்லையாம்?"

"ஓட்டத் தெரியாதுங்கறா. பதினெட்டு வயசுல நான் கூட உக்காந்து கத்துக்குடுத்த பொண்ணு. உங்க கண்ணு முன்னாடிதானே ஓட்டிக்கிட்டுப் போனா? எனக்கு எப்பப்பா ஓட்டத் தெரியும்னு என்னையே கேக்கறா."

அக்கா சான்றை நீட்டினார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காரில் ஏறப் போனவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணிக்குத் தெரியாது. அவங்க வர்றதுக்கு முன்னாடி நடந்தது" என்றார். "எங்கண்ணன் லாரி ஓட்டிக்கிட்டிருந்தவர்தான் அக்கா. அந்த வண்டிய வாங்கற வரைக்கும்."