கதவில் ஒட்டிய நோட்டீசு

அரக்கோணம் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர் துளசிங்கம். அங்கே எதையும் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. மூட்டை நனைந்தால் ஒரு சீட்டு, பூட்டு உடைந்தால் ஒரு சீட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருத்தணியில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல அவருக்கு நாக்கு எழாது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டாலோ கலெக்டர் தோற்றார்.

திருக்குளத்துக்குப் போகும் தெருவில் இருந்த அந்த வீட்டை, நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு குடித்தனமாகப் பிரித்திருந்தார். ஒரு பக்கம் அவரும் மனைவி கன்னியம்மாளும். மறுபக்கம் தையல்காரன் வீரபத்திரனும் அவன் மனைவி சுலோச்சனாவும் வாடகைக்கு இருந்தார்கள். கிணறு பொது. வாடகை ஒப்பந்தத்தில் துளசிங்கம் இரண்டே நிபந்தனைகள்தான் எழுதியிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது.

முதல் மாதமே வீரபத்திரன் ஆணி அடித்தான். கதவிடுக்கு வழியாக ஒரு சீட்டு போயிற்று. அந்தக் குடித்தனத்தில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் சுலோச்சனாதான். அவள் அதன் பின்பக்கத்திலேயே, "ஆணியைப் பிடுங்கியாகிவிட்டது. ஓட்டையை என்ன செய்வது?" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். துளசிங்கம் சுண்ணாம்பு குழைத்துக் கொண்டுபோய்த் தானே அடைத்துவிட்டு வந்தார்.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால்தான் பெரிய தகராறு வந்தது. காலையில் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கிணற்றைச் சுற்றிப் பதினொரு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வீரபத்திரன் வீட்டில் தங்க வந்த புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு ஜனம். சுவரோரம் வரிசையாகப் பூக்காவடிகள். மஞ்சள் தண்ணீர் வழிந்து அவருடைய கீரைப் பாத்தியில் தேங்கி நின்றது.

அவர் உள்ளே வந்து, தலைப்பைச் சிவப்பு மையில் போட்டு, நோட்டீசு எழுத உட்கார்ந்தார். இரண்டாவது நிபந்தனை மீறப்பட்டதென்றும், பதினைந்து நாளைக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டுமென்றும் எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பப் புறப்பட்டார்.

"செவுத்துக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்குத் தபாலா?" என்றாள் கன்னியம்மாள். "நாலு எட்டு நடந்து வாயால சொல்லிட்டு வாங்களேன்."

சட்டப்படி செய்வதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் தபால்காரர் வந்தபோது அந்தப் பக்கம் யாருமில்லை. வீரபத்திரன் கடைத்தெருவில் காவடிக்காரர்களுக்கு மஞ்சள் துணி தைத்துக்கொண்டிருந்தான். சுலோச்சனா விருந்தாளிகளோடு மலைக்குப் போயிருந்தாள். திருவிழா முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்று தபால்காரர் கடிதத்தோடு போய்விட்டார். கையில் கொடுக்க முடியாவிட்டால் சாட்சி வைத்துக் கதவில் ஒட்டலாம் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் எப்போதோ சொன்னது துளசிங்கத்துக்கு நினைவு வந்தது. நகல் ஒன்றை எடுத்து, வெற்றிலைக்கடை ஆறுமுகத்தைச் சாட்சிக்கு நிறுத்தி, கெட்டிப் பசை காய்ச்சி ஒட்டினார். ஒட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு கவளம் உள்ளே போயிருக்காது. வாசலில் அரோகரா சத்தம். எட்டிப் பார்த்தால் நகரியிலிருந்து நடந்து வந்த இருபது பேர், மழையில் தெப்பமாக நனைந்து நின்றார்கள். கதவில் சிவப்பு எழுத்தும் கையெழுத்துமாகக் காகிதத்தைப் பார்த்து, அவர்களில் தமிழ் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர், இது சர்க்கார் உத்தரவு பெற்ற சத்திரம் என்று முடிவுகட்டிவிட்டார். கதவு பூட்டியிருக்கவே, சாவி கேட்டுப் பக்கத்துக் கதவுக்கு வந்துவிட்டார்கள்.

துளசிங்கம் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். முன்னால் நின்ற கிழவி, "நைனா" என்று கூப்பிட்டு, கொப்புளம் வெடித்த காலைத் தூக்கிக் காட்டினாள். அவர் நகர்ந்து வழிவிட்டார். கன்னியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள்.

சாயங்காலம் வீரபத்திரன் வந்தான். சுலோச்சனா கதவருகே நின்று நோட்டீசை முழுக்கப் படித்துக் காட்டினாள். அவன் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் துளசிங்கம் உட்கார்ந்து கிழவியின் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என் ஊட்ல பதினொரு பேருங்க. உங்க ஊட்ல இருபது பேரு," என்றான் வீரபத்திரன். "நோட்டீசு இப்ப யாருக்குங்க?"

கூடமே சிரித்தது, தெலுங்குக்காரர்கள் விஷயம் புரியாமலேயே சிரித்தார்கள். துளசிங்கம் சிரிக்கவில்லை. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆளுங்க வந்தது தப்பில்லப்பா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, அதான் தப்பு. என் கீரையெல்லாம் மஞ்சத் தண்ணில அழுகிப்போவுது."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வீரபத்திரன் கோபப்படாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டா வேணாம்னுடுவீங்கன்னு பயந்துகினு கேக்கலீங்க. மழைல நின்னுகினு இருந்தாங்க."

"கேட்டுப் பாத்தியா?"

"ஆங், அதுவும் நியாயந்தாங்க."

அன்றைக்கே வீரபத்திரன் மண்வெட்டி எடுத்து, கிணற்றுத் தண்ணீர் தெருப்பக்கம் போகும்படி வாய்க்கால் வெட்டினான். நகரிக்காரர்கள் இருவர் கைகொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் துளசிங்கம் ஒரு வரி சேர்த்தார்: கிருத்திகைக்கு மூன்று நாள் இரு குடித்தனத்திலும் ஆள் தங்கலாம், முதல் நாளே வாயால் சொல்லிவிட வேண்டும். திருவிழா முடிந்து தபால்காரர் கடிதத்தோடு வந்தபோது சுலோச்சனா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே அடுப்பு மூட்டக் கன்னியம்மாளிடம் கொடுத்தாள்.

மறுவருஷம் ஆடி பிறந்ததுமே துளசிங்கம் சுவரைத் தட்டி, நகரிக் கிழவி இந்தத் தடவை பேரப்பிள்ளைகளோடு வரப்போவதாகச் சொல்லி, அந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு இடமிருக்கும் என்று கேட்டார்.