பதினைந்து ஆளும் ஒரு மிஷினும்

கிழிந்த அட்டைப்பெட்டி மூடி ஒன்று. அதில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது: பத்து ஆள், மூன்று நாள், தினம் எட்டு மணி நேரம், ஆயிரத்து இருநூறு பெட்டி. அதன் கீழே: ஆயிரத்து ஐந்நூறு பெட்டி, இரண்டே நாள், தினம் பத்து மணி நேரம், ஆள் எத்தனை? திருபுவனையில் ஒரு சோப்புக் கம்பெனியில் நான் பேக்கிங்கில் இருந்தபோது, எங்கள் சூப்பர்வைசர் சார் அதை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

அன்று புதன்கிழமை காலை. வியாழன் மாலைக்குள் லாரியில் சரக்கு ஏறாவிட்டால் வெள்ளிக்கிழமையும் வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் வீராம்பட்டினம் தேர். டேப் ஒட்டும் மிஷினை ஓட்டிய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. "தேரன்னிக்கு நான் வூட்ல இல்லன்னா எம் மாமியாரு வருஷம் பூரா சொல்லிக்காட்டும் சார்" என்று கண் கலங்கினார்.

சார் கலங்கவில்லை. பெட்டி கூடினால் ஆள் கூடும், நாள் குறைந்தாலும் ஆள் கூடும், மணி நேரம் கூடினால் ஆள் குறையும் என்று பெருக்கி வகுத்து, "பதினஞ்சு ஆளு" என்றார். நெட்டப்பாக்கத்தில் நிலம் வைத்திருப்பவர். நடவுக்கு ஆளைக் கூட்டி நாளைக் குறைத்தே பழகியவர். பக்கத்து செக்‌ஷனிலிருந்து ஐந்து பெண்களை அழைத்து வந்துவிட்டார். அவர் போட்ட பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றும் நான் சத்தியம் செய்வேன்.

பதினைந்து பேரும் விழுந்து விழுந்து அடுக்கினோம். மாலையில் பார்த்தால் மிஷினுக்கு முன்னால் இருநூற்றைம்பது பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஆளு பதினஞ்சு, சரி. மிஷினு ஒண்ணுதானே சார்? அது மணிக்கு அம்பதுக்கு மேல ஒட்டாது" என்றார் அக்கா.

சார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷினை அவர் எங்குமே எழுதவில்லை. "இன்னாமா இது, வயல்ல இந்தத் தொல்லையே கெடையாது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் சாரும் செக்யூரிட்டி அண்ணனும் கேன்டீன்காரரும் தரையில் உட்கார்ந்து கையாலேயே டேப் ஒட்டினார்கள். ஒரு துண்டு சாரின் மீசையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கியபோது அவர் போட்ட கூச்சலில் மேனேஜரே ஓடி வந்தார். ஆறரை மணிக்கு லாரி கேட்டைத் தாண்டியது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை தேருக்கு சாரும் வந்திருந்தார். அக்காவுக்கு அன்று தைரியம் வந்துவிட்டது. "இவ்ளோ பேரு வடம் புடிக்கிறாங்களே, இன்னும் நூறு பேரைச் சேத்தா தேரு சீக்கிரம் நெலைக்கு வந்துடுமா சார்?"

சார் வடம் பக்கம் திரும்பவேயில்லை. தேர்ச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்திக்கொண்டிருந்த ஒற்றை ஆளைக் கைகாட்டினார்.

"மொதல்ல அவரை எழுதிக்கமா."