மீன் கூடை இறங்கிய இடம்

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், சாலையின் நடுச்சுவருக்கு இன்று பெயின்ட் அடித்தார்கள். அந்த நாற்றம் உள்ளே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் சின்ன வயதில் கோவளத்து மீன்காரம்மா கூடையை இறக்கியது அதே இடத்தில்தான். ஓரமாக இறக்கினால் எந்தப் பக்கத்துக்கு முதல் மீன் என்று சண்டை வரும் என்பதால் நட்டநடுத் தெருவில் இறக்குவாள், சைக்கிளும் மாட்டுவண்டியும் அவளைச் சுற்றிக்கொண்டு போகும், நாங்கள் பக்கத்திலேயே ஸ்டம்பு நட்டிருப்போம், அம்மாவும் எதிர்வீட்டு நூர்ஜஹான் பெரியம்மாவும் குந்திக்கொண்டு ஒரே சங்கரா மீனைப் பிடித்து இழுப்பார்கள்.

“வுடுடி, அது என்னப் பாத்துதான் சிரிக்குது” என்பாள் பெரியம்மா.

அந்தத் தெருவை அகலமாக்கி, நடுவில் சுவர் வைத்து இந்தச் சாலையை வரைந்தவனுக்குக் காலே கிடையாது போலிருக்கிறது. முட்டி வலியோடு அம்மா எதிர்வீட்டுக்குப் போக, சுவரைச் சுற்றி ஆட்டோவில் போக வேண்டும். அதனால் இருவரும் அவரவர் வாசலில் நாற்காலி போட்டு, சுவருக்கு மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே போனில் பேசுகிறார்கள்.

“இன்னாக்கா, இன்னிக்கு மீனா?”

“கேக்கலடி, லாரி போவட்டும்.”

அம்மா காத்திருக்கிறாள். அந்த லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வருகிறது.