துணி கட்டிய டப்பா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் மழைக்காலத்தில் நான் மணமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, என் கணவரின் தம்பிக்குப் பதினைந்து வயது. மறுநாள் காலையில் என் தையல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன், அது கீச்சிட்டது. அடுத்த அறையிலிருந்து வந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீளமான திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின் மீதும் பிடியைத் தம் காதின் மீதும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கீழ்ச் சக்கரத்துல எண்ணெய் வத்திப்போச்சு, அண்ணி."

"புது அண்ணிகிட்ட முதல்ல பேசற பேச்சா இது?"

"நீங்க அழலையே. இதுதானே அழுது."

அந்தக் கொழுந்தனாரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பின்னாளில் அவர் வீட்டின் முன்பகுதியில் பட்டறை வைத்தார். பாறை ஏறும் போட்டிக்கான மோட்டார் சைக்கிள்களை மட்டுமே பழுது பார்த்தார். அவ்வண்டிகளுக்கு இருக்கை கிடையாது. நின்றபடியே ஓட்ட வேண்டும். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையையும் ஓடையையும் கால் தரையில் படாமல் கடப்பவரே வெல்வார்.

அவருடைய மனைவி, மகளைப் பெற்ற ஆண்டே இறந்துவிட்டாள். சில ஆண்டுகளில் என் கணவரும் போய்விட்டார். மிஞ்சியவர்கள் நாங்கள் மூவர்: அவர், நான், என்னைப் பெரியம்மா என்றழைத்த அந்தக் குழந்தை. நடக்கப் பழகுமுன்பே தாவப் பழகியவள் என்பதால் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார். பதினாறு வயதில் அவள் போட்டிகளுக்குப் போகத் தொடங்கினாள்.

அவ்வண்டிகளின் எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டனுக்கு வேறு வழியில் எண்ணெய் போகாது. ஆகவே பட்டறையின் மூலையில் ஒரே மாதிரியான இரண்டு பச்சைத் தகர டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் எண்ணெய் கலந்த பெட்ரோல். மற்றொன்றில் பாகங்களைக் கழுவுவதற்கான வெறும் பெட்ரோல். கலந்த டப்பாவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருப்பார். போட்டி நாள் காலையில் அவசரத்தில் கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது என்பது அவர் கணக்கு.

எனக்கு அழுக்கு ஆகாது. சனிக்கிழமைதோறும் பட்டறையைக் கூட்டித் துடைப்பேன்.

"விட்டா கிரீஸையே துவைச்சுக் காயப்போட்டுடுவீங்க, அண்ணி" என்பார்.

மாலை வேளைகளில், கழற்றிய பிஸ்டன்களை என் கையில் கொடுத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார். ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. நான்கு இடங்களில் கீறியிருந்தால், எஞ்சின் சூடேறுமுன்பே முறுக்கிவிட்டார்கள்.

"சுத்திலும் கீறியிருந்தா?"

"எண்ணெயே போகலை" என்பேன்.

"ஆமா. பாவிங்க, பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்க."

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு, கோடையின் தொடக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை. வெட்டுக்கிளி டாங்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போட்டிக்குப் புறப்பட்டாள். இரண்டு ஆள் உயரப் பாறையின் விளிம்பை முன்சக்கரம் தொட்ட கணத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிக்க நேரமில்லை. அவள் பின்புறமாக விழுந்தாள். வண்டி அவள் வலது முழங்காலின் மீது விழுந்தது. அந்தக் கால் இனி முழுமையாக மடங்காது என்று மருத்துவர் கூறினார். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

நான்காம் நாள்தான் கொழுந்தனார் அவ்வண்டியைத் தொட்டார். நான் அருகிலிருந்தேன். எஞ்சினைக் கிளப்பும் உதைமிதி அசையவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு மணிகள் ஒட்டியிருந்தன.

"பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு."

அடுத்து டாங்கைத் திறந்து, சில சொட்டுப் பெட்ரோலை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு காத்திருந்தார். பிசுபிசுப்பின்றிக் கை உலர்ந்தது. மெல்லத் திரும்பி, மூலையிலிருந்த டப்பாக்களை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்."

நான் தண்ணீருடன் திரும்பியபோது பிளக்கை மாட்டி, டாங்கையும் மூடிவிட்டிருந்தார். அதன் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தார்.

மருத்துவமனையில் மகளிடம் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"கிராங்க் பேரிங் தேஞ்சிருந்துது. இந்தப் போட்டிய தாங்கும்னு விட்டுட்டேன். என் தப்பு."

"சத்தம் வருதுன்னு நான் சொன்னேனேப்பா!"

"சொன்ன."

"வெறும் பிரமைன்னு சிரிச்சீங்களே!"

"சிரிச்சேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டுப் பிரித்த மாதமே வேறோர் ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். வாரந்தோறும் எனக்குத் தொலைபேசியில் பேசுவாள். தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டாள். மணி அடித்ததும் அவர் கையிலிருப்பதை வைத்துவிட்டு வந்து, கதவோரம் நிற்பார். நான் பேசி முடித்ததும், "சாப்பிட்டாளாமா?" என்று மட்டும் கேட்பார். இப்படியே பதினோர் ஆண்டுகள்.

அவ்வெஞ்சினை அவர் புதிதாக்கிவிட்டிருந்தார். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் பூட்டி, மாதம் ஒரு முறை கிளப்பிக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார். அவ்வண்டியில் வேறெவரையும் ஏறவிட்டதில்லை.

சென்ற குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் நுரையீரல் நோயால் படுக்கையில் விழுந்தார். அவருடைய மருத்துவச் சீட்டைத் தேடிப் பட்டறையின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அதில் ஒரு பேரிங் இருந்தது. விரலால் சுழற்றினேன், ஓசையின்றிச் சுழன்றது. தேய்மானமே இல்லை. கூடவே ஒரு பிஸ்டன், திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் கீறியிருந்தது.

எனக்குப் பாடம் மறக்கவில்லை.

அந்தப் போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை, தரையைத் துடைப்பதற்காக இரண்டு டப்பாக்களையும் நகர்த்தினேன். சிவப்புத் துணி கறுத்துப் போயிருந்ததால் அவிழ்த்துத் துவைத்தேன். உலர்ந்ததும், வழக்கம்போல் இடப்பக்கம் இருந்த டப்பாவில் கட்டினேன். நகர்த்தியபோது இடம் மாறியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

பிஸ்டனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"தம்பி, இது எண்ணெய் போகாத பிஸ்டன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"துணியை மாத்திக் கட்டினது நான்தானே?"

"துவைச்சுக் கட்டியிருந்தீங்க, அண்ணி. அந்தப் பட்டறையிலயே அவ்வளவு சுத்தமா வேற எதுவும் இருந்ததில்ல" என்று சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது.

"ஏன்ப்பா சொல்லலை? பெத்த பொண்ணையே இழந்துட்டு உக்காந்திருக்கியே!"

"எம்மேல கோவப்பட்டா உங்ககிட்ட வந்து அழுவா. உங்க மேலயும் கோவப்பட்டா யாருக்குப் போன் பண்ணுவா, சொல்லுங்க?"

அன்று மதியமே அவளை அழைத்தேன். எதையும் மறைக்கவில்லை.

"அதை எடுத்து ஊத்தினது நான்தானே, பெரியம்மா. மோந்துகூடப் பாக்கலையே" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

அவர் அப்போதுதான் அயர்ந்திருந்தார்.

"தூங்கறார்டீ. எழுப்பட்டுமா?"

"வேணாம், தூங்கட்டும். நாளைக்கு மதியம் அங்க இருப்பேன்."

நான் எழுப்பவில்லை. மாலையில் அவர் விழித்தபோதும், நாளைக்குத்தான் வருகிறாளே என்று அவளை மறுபடி அழைத்துக் கொடுக்கவில்லை. டப்பாவை இடம் மாற்றியதைக்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

மறுநாள் மதியம், மடங்காத காலை இழுத்துக்கொண்டு அவள் படியேறியபோது, அவர் போய் நான்கு மணி நேரமாகியிருந்தது.

அவள் வருகிறாள் என்பதை மட்டும் முந்தின நாள் மாலையிலேயே அவருக்குச் சொல்லியிருந்தேன். எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. என் கையைப் பற்றி அருகே இழுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேட வேண்டியிருந்தது.

"வண்டி தயாராத்தான் இருக்கு. அவ வந்ததும் அவசரத்துல எடுத்து ஊத்திடுவா. துணி எந்த டப்பாவுல இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க, அண்ணி."